விளக்கு விக்காமல் ஏற: மேடை லைட்டுக்கு எந்தக் கணினி வாங்கலாம்?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஓர் ஊரில் இரணியன் கூத்து. விடியற்காலை நான்கு மணி இருக்கும். தூணைப் பிளந்துகொண்டு நரசிம்மர் வரப்போகிறார். முகவீணை உச்சத்தில் இழுக்கிறது, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தாய்மார்கள் தட்டி எழுப்புகிறார்கள். தூணின் அடியில் நான்கு எல்இடி பார் விளக்குகள் வைத்திருந்தோம். எட்டு நொடியில் இருட்டிலிருந்து முழுச் சிவப்புக்கு அவை ஒரே சீராக ஏற வேண்டும். ஏறவில்லை. கொஞ்சம் சிவந்தது, நின்றது, குதித்தது, மறுபடி நின்றது.

“அண்ணே, லைட்டு விக்குது” என்றான் பக்கத்தில் ஒயர் பார்த்துக்கொண்டிருந்த தம்பி.

அவன் சொன்னதைவிடச் சரியான சொல் அதற்குக் கிடையாது. விளக்கு விக்கிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் அன்று என் மேஜையில் இருந்தது, விளையாட்டுக்காகவே செய்த, விலை கூடிய மடிக்கணினி. இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அடுத்த வாரம் பள்ளிகொண்டா பக்கம் ஒரு மேடை. அதற்கு என் பழைய அலுவலக ரக மடிக்கணினியையே எடுத்துப்போய், நடுவில் மாட்டும் சின்னப் பெட்டியை மட்டும் வேறு ரகமாக மாற்றினேன். சிவப்பு அப்படியே வழுக்கிக்கொண்டு ஏறியது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, “ஐ5 போதுமா, ஐ7 வேணுமா அண்ணே?” என்பதுதான். கூத்து, கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, கல்யாண வரவேற்பு என்று நம் பழைய வட ஆற்காடு முழுக்க இன்று கணினியில் லைட் ஓட்டுகிறார்கள். அதனால் இந்தக் கேள்விக்கு அடியிலிருந்தே பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

விளக்குக்குக் கணினி என்ன சொல்கிறது?

மேடை விளக்குகள் பேசும் மொழிக்கு டிஎம்எக்ஸ் 512 என்று பெயர். அமெரிக்காவில் யூஎஸ்ஐடிடி என்ற நாடகத் தொழில்நுட்ப அமைப்பு 1986இல் உருவாக்கியது, 1990இல் திருத்தியது. இன்றுவரை உலகம் முழுக்க அதுதான் ஓடுகிறது. ஒரு கம்பியில் 512 சேனல்கள். ஒவ்வொரு சேனலிலும் 0 முதல் 255 வரை ஓர் எண். இந்த 512 எண்களின் தொகுப்பை ஒரு யூனிவர்ஸ் என்கிறோம்.

சாதாரண பார் விளக்குக்கு ஏழெட்டுச் சேனல் போகும்: மொத்த வெளிச்சம், சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, ஸ்ட்ரோப் (விட்டுவிட்டுப் பளிச்சிடுவது) என்று. ஷார்பி என்று நாம் சொல்லும், தலையைத் திருப்பும் பீம் விளக்குக்கு 16 சேனல் என்று வையுங்கள். நம் ஊர்த் திருவிழா மேடை ஒன்றுக்கு 16 பார், 8 ஷார்பி. பெருக்கிப் பாருங்கள்: 128ம் 128ம் சேர்ந்து 256. ஒரு யூனிவர்ஸில் சரியாகப் பாதி. மொத்த மேடையும் வெறும் 256 எண்கள்தான்! ஒரு கைப்பேசிப் படத்தைத் திறப்பதற்கு இதைவிடப் பல மடங்கு வேலை கணினிக்கு உண்டு.

அப்படியானால் சிக்கல் எங்கே? இந்த எண்களை ஒருமுறை அனுப்பினால் போதாது. விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். டிஎம்எக்ஸ் கம்பியின் வேகம் நொடிக்கு 2,50,000 பிட். ஒரு சேனல் போக 44 மைக்ரோ நொடி ஆகும். 512ம் போய்ச் சேர ஏறத்தாழ 23 மில்லி நொடி. ஆக நொடிக்கு அதிகபட்சம் 44 தடவை முழுத் தொகுப்பு போகலாம். அந்த எட்டு நொடிச் சிவப்பை எடுத்துக்கொண்டால், 352 தடவை புது எண் போக வாய்ப்பிருக்கிறது. 255 படிகளையும் ஒவ்வொன்றாக ஏறலாம், கண்ணுக்குப் படியே தெரியாது.

கணினி வேறு எதிலோ மாட்டிக்கொண்டு நொடிக்குப் பத்துத் தடவைதான் அனுப்புகிறது என்றால்? எட்டு நொடிக்கு 80 படிதான். ஒவ்வொரு தாவலிலும் மூன்று எண் கூடும். 200இலிருந்து 203க்குப் போவதை யாரும் கவனிக்கமாட்டார்கள். 3இலிருந்து 6க்குப் போவது எண்ணளவில் இரட்டிப்பு. இருட்டு மேடையில் அது பளிச்சென்று தெரியும். அதனால்தான் விக்கல் எப்போதும் விளக்கு எழும்போதும் அணையும்போதும் நம்மைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆக, நமக்கு வேண்டியது வேகத்தில் பாயும் குதிரையைவிட, ராத்திரி முழுக்க அடி மாறாமல் செக்கு சுற்றும் மாடு. கணினியின் ஒவ்வொரு பாகத்தையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் எதற்குக் காசு போடலாம், எதற்கு வேண்டாம் என்பது தானாகத் தெளியும்.

நடுவில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டி

கணினியில் டிஎம்எக்ஸ் துளை கிடையாது. யூஎஸ்பியில் ஒரு பெட்டியைச் செருகி, அதிலிருந்து விளக்குக்குக் கம்பி எடுக்கிறோம். பார்வைக்கு எல்லாப் பெட்டியும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே இரண்டு சாதி உண்டு.

முதல் வகையில் உள்ளே சொந்த மூளை இல்லை. என்டெக்கின் ஓப்பன் டிஎம்எக்ஸ் போன்றவை இந்த வகை. விலை குறைந்த பெட்டிகள் பலவும் இதே கட்டமைப்புதான். ஒவ்வொரு தொகுப்பையும் எப்போது தொடங்குவது, எப்போது இடைவெளி விடுவது என்ற தாளத்தைக் கணினியே போட வேண்டும். விண்டோஸ் அந்தத் தாளத்துக்காகப் பிறந்தது இல்லை. பின்னணியில் வைரஸ் சோதனை ஓடும், ஏதாவது ஒரு புதுப்பிப்பு தன் பாட்டுக்கு இறங்கும். அந்தக் கணத்தில் தாளம் தப்பும், விளக்கு விக்கும். அன்று அணைக்கட்டில் நடந்தது இதுதான்.

இரண்டாம் வகையில் உள்ளேயே ஒரு சின்னச் செயலி இருக்கிறது. என்டெக் டிஎம்எக்ஸ் யூஎஸ்பி ப்ரோ இதற்கு நன்றாகத் தெரிந்த உதாரணம். கணினி எண்களைக் கொடுத்தால் பெட்டி அதை வாங்கி வைத்துக்கொண்டு, தாளத்தைத் தானே போடும். கணினி அரை நொடி திணறினாலும் கடைசியாக வாங்கிய எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். மென்பொருளே உறைந்துபோனாலும் மேடை இருண்டுவிடாது. நாம் சுதாரித்துக்கொள்ள நேரம் கிடைக்கும்.

கையில் இருக்கும் காசில் ஒன்றுக்குத்தான் நல்லது வாங்க முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இந்த இரண்டாம் வகைப் பெட்டியை வாங்குங்கள். கணினியைப் பழையதாக வாங்கிக்கொள்ளலாம்.

பெட்டி வாங்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: மின்தடுப்பு உண்டா? ஆப்டோ ஐசோலேஷன் என்று கடையில் சொல்வார்கள். நம் திருவிழா மேடைகளில் லைட்டுக்கு ஒரு ஜெனரேட்டர், மைக் செட்டுக்கு வேறு லைன் என்று இருக்கும். எர்த் ஒழுங்காக அடித்திருப்பார்கள் என்று நம்ப முடியாது. விளக்கு மாட்டும் இரும்பு ட்ரஸ்ஸில் எங்காவது மின்சாரம் கசிந்தால் அது டிஎம்எக்ஸ் கம்பி வழியே உங்கள் மடிக்கணினியின் யூஎஸ்பி துளைக்கு வந்து சேரும். தடுப்புள்ள பெட்டி அதை நடுவிலேயே நிறுத்திவிடும்.

பெட்டியைக் கணினிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். யூஎஸ்பி கம்பிக்கு ஐந்து மீட்டர்தான் எல்லை. டிஎம்எக்ஸ் கம்பி நல்லதாக இருந்தால் நூறு, இருநூறு மீட்டர்கூடத் தாராளமாகப் போகும். நீளம் வேண்டிய இடத்தில் டிஎம்எக்ஸை இழுங்கள், யூஎஸ்பியை இழுக்காதீர்கள். கடைசி விளக்கில், கம்பி முடிவில் சமிக்ஞை எதிரொலிக்காமல் தடுக்கும் 120 ஓம் டெர்மினேட்டரைச் செருக மறக்க வேண்டாம்.

செயலி, நினைவகம், வட்டு

செயலியில் நான்கு கோர் இருந்தால் ஒன்றிரண்டு யூனிவர்ஸுக்குப் போதும், மிச்சமே இருக்கும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை ஐ5 அல்லது அதற்குப் பிந்தையது. எட்டாம் தலைமுறையைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 11ஐ முறையாகப் போட வேண்டுமானால், சில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முடியும். பழைய மடிக்கணினியைக் கைமாற்றாக வாங்குபவர்கள் இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். லினக்ஸ் பழகியவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. க்யூஎல்சி ப்ளஸ் என்ற இலவச மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

நினைவகம் 8 ஜிபி. அதற்கு மேல் வாங்கினால் தப்பில்லை, ஆனால் விளக்குக்காக வாங்க வேண்டியதில்லை.

வட்டு மட்டும் எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும், அதில் சமரசமே கூடாது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு மயிரிழையைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய இடைவெளியில் படிக்கும் முனை மிதந்துகொண்டிருக்கும். நம் ஊரில் லைட்டுக்காரருக்கு எங்கே இடம் தருவார்கள்? பாஸ் பெட்டி அடுக்கியிருக்கும் ஓரத்தில். 18 அங்குலப் பாஸ் அடிக்கும்போது மேஜையில் தேநீர் தம்ளரில் வட்ட வட்டமாக அலை எழுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அதிர்வு ஹார்ட் டிஸ்க்குக்கும் போகிறது. மேடைக்கு வருவதற்கு முன்பே குட்டி யானை வண்டியில் ஒடுகத்தூர் மண்ரோட்டில் அது வாங்கிய அடி தனிக்கணக்கு.

தனி கிராஃபிக்ஸ் அட்டை வேண்டுமா என்றால், விளக்கை மட்டும் ஓட்டுவதற்கு அது தேவையில்லை. கணினித் திரையிலேயே மேடையை முப்பரிமாணத்தில் வரைந்து ஒத்திகை பார்க்கும் மென்பொருள் வேண்டுமென்றால்தான் அது தேவைப்படும். எல்இடி திரையில் வீடியோ ஓட்டவும் அது வேண்டும். ஆனால் வீடியோவையும் விளக்கையும் ஒரே கணினியில் ஓட்டுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். வீடியோ திணறினால் விளக்கும் சேர்ந்து திணறும். இரண்டுக்கும் தனித்தனிக் கணினி வையுங்கள்.

வேலூர் வெயில்

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி. அதாவது மே மாத நடுப்பகுதி. பாரதக் கூத்துகள் பலவும் வெயில் காலத்தில்தான் வருகின்றன. பகலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், தகரப் பந்தலுக்கு அடியில், மாலை ஐந்து மணிக்கு நாம் கணினியைத் திறந்து விளக்குகளுக்கு முகவரி (எது எந்தச் சேனலிலிருந்து கேட்க வேண்டும் என்ற எண்) போட்டுக்கொண்டிருப்போம். பல மடிக்கணினிகளுக்கு அதைச் செய்தவர்களே சொல்லும் எல்லை 35 டிகிரிதான்.

சூடு ஏறினால் கணினி உடனே அணைந்துவிடாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். வெளியே எந்த எச்சரிக்கையும் வராது. மடிக்கணினி மேல் போட்டிருந்த ஐ7 எழுத்து அப்படியேதான் இருக்கும், உள்ளே அது பாதி வேகத்தில் நடந்துகொண்டிருக்கும். மெல்லிய, அழகான மடிக்கணினிகளில் இது சீக்கிரம் நடக்கும். தடிமனான, பெரிய காற்றாடி உள்ள அலுவலக ரக மடிக்கணினி பார்க்க எருமை மாதிரி இருந்தாலும் வெயிலைத் தாங்கும். திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் போன்ற வரிசைகளில் பழையது நிறையக் கிடைக்கும். அவற்றில் பல மாதிரிகளில் லேன் துளையும் இருக்கும். சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் காட்பாடியிலிருந்து ரயில் ஏறினால் இரண்டு மணிநேரப் பயணம்தான். கையோடு ஒரு பென் டிரைவில் உங்கள் மென்பொருளைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

அணைக்கட்டில் நான் செய்த இன்னொரு தப்பும் இங்கேதான் வருகிறது. மேஜைக்குப் பந்தல்காரர் போட்டிருந்த வெல்வெட் துணி மேலேயே மடிக்கணினியை வைத்திருந்தேன். அடியில் காற்று போகும் துளை முழுக்க அடைந்துபோயிருந்தது. ஏழு மணிநேரம் அப்படியே ஓடியிருக்கிறது. கூத்து முடிந்து எடுத்தபோது துணியில் சூட்டின் வட்டம் பதிந்திருந்தது. இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் இரண்டு செங்கல் கேட்டு வாங்கி, இரண்டு ஓரத்துக்கும் முட்டுக் கொடுத்துவிடுகிறேன். செம்மண் தூசியும் காற்றாடியில் அடையும். மாதம் ஒருமுறை ஊதித் துடைக்க வேண்டும்.

மேஜைக் கணினியா, மடிக்கணினியா என்ற கேள்விக்கும் நம் ஊர்தான் பதில் சொல்கிறது. மின்வாரிய லைன் போய் ஜெனரேட்டர் ஏறும் அந்த இடைவெளியில் விளக்குகள் அணைந்துதான் போகும். திரும்ப மின்சாரம் வந்ததும் ஷார்பி தலையைச் சுற்றித் தன் நிலையைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் எடுக்கும். மடிக்கணினிக்கு மின்கலம் இருப்பதால் அது பாட்டுக்கு எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். விளக்குகள் விழித்ததும் நேராகக் காட்சிக்குள் வந்துவிடும். மேஜைக் கணினியாக இருந்தால் அதுவும் சேர்ந்து அணைந்து, திரும்ப எழுந்து, நாம் கோப்பைத் திறந்து, காட்சியைத் தேடி... கட்டியங்காரன் எத்தனை நேரம்தான் பேசிச் சமாளிப்பார்? மேஜைக் கணினி வைத்தே தீர வேண்டும் என்றால் கூடவே ஒரு யூபிஎஸ் வாங்குங்கள். பழைய மடிக்கணினி வாங்குபவர்கள் மின்கலம் ஒரு மணிநேரமாவது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். செத்த மின்கலம் உள்ள மடிக்கணினிக்கும் மேஜைக் கணினிக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசமில்லை.

கல்யாண மண்டபம் போன்ற நிலையான இடத்துக்கு ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியே போதும். க்யூஎல்சி ப்ளஸ் அதிலும் ஓடும். திடீரென்று மின்சாரம் போனால் அதன் நினைவு அட்டை கெட்டுப்போக வாய்ப்புண்டு என்பதால் அட்டையின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

யூனிவர்ஸ் கூடினால்

கோயில் வாசலில் அம்மன் உருவத்தைப் புள்ளி புள்ளியாக ஒளிரவைக்கும் பிக்சல் விளக்குகளை உங்கள் கணினியிலிருந்தே ஆட்ட ஆசைப்பட்டால் கணக்கு மாறிவிடும். ஒரு புள்ளிக்கு மூன்று சேனல். ஒரு யூனிவர்ஸில் 170 புள்ளிதான் அடங்கும். 2,000 புள்ளி என்றால் 12 யூனிவர்ஸ். இதற்கு யூஎஸ்பி பெட்டி சரிவராது, லேன் கம்பி வழியே அனுப்ப வேண்டும். அதற்கு ஆர்ட்நெட், எஸ்ஏசிஎன் என்று இரண்டு முறைகள் இருக்கின்றன. ஆர்ட்நெட் இங்கிலாந்தின் ஆர்ட்டிஸ்டிக் லைசன்ஸ் நிறுவனம் 1998இல் கொண்டுவந்தது. லேன் கம்பி விளக்குப் பக்கத்தில் ஒரு நோடு பெட்டிக்குப் போகும், அது டிஎம்எக்ஸாகப் பிரித்துக் கொடுக்கும்.

ஒரு யூனிவர்ஸ் நொடிக்குக் கால் மெகாபிட் அளவுதான் இருக்கும். ஆக 100 மெகாபிட் லேன் துளையே 12 யூனிவர்ஸுக்குத் தாராளம். அந்தத் துளை மடிக்கணினியிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். வைஃபையில் அனுப்பாதீர்கள். மாலையில் காலி மைதானத்தில் அருமையாக ஓடும். இரவு ஆயிரம் பேர் கைப்பேசியோடு வந்து உட்கார்ந்ததும் விக்க ஆரம்பிக்கும்.

மென்பொருளையும் கணினி வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். க்ராண்ட்எம்ஏ3 ஆன்பிசி என்ற லைட் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் அதைச் செய்த நிறுவனத்தின் சாதனம் ஒன்று இல்லாமல் விளக்குக்கு ஒரு எண்கூட வெளியே வராது. இதை அறியாமல் மாதக்கணக்கில் பழகிவிட்டுக் கடைசியில் மனம் நொந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் ஓர் இரவு

வாங்கியதும் சில அமைப்புகளை மாற்றிவிடுங்கள். தூக்கம், திரை அணைதல் இரண்டையும் நிறுத்துங்கள். மின்சார அமைப்புக்குள் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று இருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து விண்டோஸ் யூஎஸ்பி துளையை உறங்கவைப்பது அதனால்தான். அதையும் நிறுத்துங்கள். புதுப்பிப்புகளை முந்தின நாளே முடித்துவிட்டு, மேடையில் வைஃபையை அணைத்து வையுங்கள்.

அப்புறம் ஓர் இரவு சோதனை. இரவு ஒன்பது மணிக்கு வீட்டில் ஒரே ஒரு பார் விளக்கை மாட்டி, எட்டு நொடியில் ஏறி எட்டு நொடியில் இறங்கும்படி சுழலவிட்டுத் தூங்கப் போங்கள். நான்கு மணிக்கு எழுந்து, அறையை இருட்டாக்கி, சுவரில் விழும் வெளிச்சத்தை, அது அணையப்போகும் கடைசி நொடியில் உற்றுப் பாருங்கள். சீராக இறங்கினால் அந்தக் கணினியை நம்பி ஊருக்கு எடுத்துப்போகலாம்.

விக்கினால் உடனே கணினியைத் திட்டாதீர்கள். முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள், அடுத்து பெட்டியை. விளக்கையும் மாற்றிப் பாருங்கள், ஏனென்றால் மலிவான சில எல்இடி விளக்குகள் அடிமட்ட வெளிச்சத்தில் தாங்களாகவே குதிக்கும். ஷார்பி மெதுவாகத் திரும்பும்போது மட்டும் தத்தினால் அது வேறு கதை. அது சுற்றும் 540 டிகிரியை 256 படியாகப் பிரித்தால் ஒரு படி இரண்டு டிகிரிக்கு மேல். ஐம்பது அடி தள்ளி அது ஏறத்தாழ இரண்டடித் தாவல். ஒவ்வொரு படியையும் இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கும் ஃபைன் சேனலைச் சேர்த்தால் அதே சுற்று 65,536 படியாகிவிடும், தத்தல் நின்றுவிடும். இத்தனையும் பார்த்த பிறகும் விக்கினால், மடிக்கணினியைத் தூக்கி அடியில் கை வைத்துப் பாருங்கள். கை சுட்டால், செங்கல்லை வைத்து மறுநாள் இரவும் ஓட்டுங்கள்.